வரலட்சுமி கையில் யாரும் சாகவில்லை

தண்ணீர்க் குடத்தோடு பந்தலுக்குள் வந்த எல்லம்மாள், ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் மருத்துவச்சி வரலட்சுமியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். மாரில் அடித்துக்கொள்வதும் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைப்பதுமாக அவள் அழுத அழுகையைப் பார்த்தால், செத்துக் கிடப்பவள் அவள் பெற்ற பெண்ணோ என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். இங்கே வந்து உட்கார இவளுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும் என்று எல்லம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

செத்துக் கிடந்தது எல்லம்மாளின் தங்கை வச்சலா. தலைப்பிரசவம். நேற்று காலையில் ஆண்பிள்ளையைப் பெற்றாள், பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் வைத்திருந்தார்கள். வச்சலாவின் ஓரகத்தி, அந்த வீட்டுக் கடைசி மருமகள் தனக்கோடியையும் அங்கேதான் உட்கார வைத்திருந்தார்கள். அவளுக்கு இது நிறைமாதம். பிரசவத்தில் செத்தவள் முகத்தை வயிற்றுப்பிள்ளைக்காரி பார்க்கக் கூடாது என்பது அந்தக் குப்பத்தில் எல்லாரும் பயந்து நடக்கிற விஷயம்.

வச்சலா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததிலிருந்து எல்லம்மாள் நல்ல மருத்துவச்சியைத் தேடினாள். தாய் தகப்பன் இல்லை. பிரசவத்துக்குக் கோவளத்தில் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். மாமியார் ஜெகதாம்பாள் விடவில்லை. சரி, மருத்துவச்சியையாவது நான் பார்த்து வைக்கிறேன் என்று கிளம்பினாள். மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவளுக்கு நுழையாத வீடு கிடையாது. கூடையை இறக்கி வைக்கும் இடத்திலெல்லாம், உங்கள் வீட்டில் யார் பிரசவம் பார்த்தது, வலி எடுத்ததும் என்ன செய்தாள், ரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்தாள் என்று குடைந்து குடைந்து கேட்டாள். மீனை விட்டுவிட்டு இதென்ன விசாரணை என்று சில பேர் சிரித்தார்கள்.

அப்படிக் கிடைத்தவள்தான் சவுக்குத்தோப்புக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்தில் இருந்த குப்பம்மா. எல்லம்மாள் அவளிடம் நேராகவே கேட்டாள், உன் கையில் யாராவது செத்திருக்கிறார்களா என்று. குப்பம்மா வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டே, மழுப்பாமல் பதில் சொன்னாள்.

"ரெண்டு பேரு. ஒருத்திக்கு ஜன்னி கண்டுச்சு. இன்னொருத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி நான்தான் லேட்டா சொன்னேன். அதுலேந்து, வண்டிக்கு முன்னாடியே சொல்லி வெக்கலன்னா நான் எந்த வூட்டு வாசப்படியும் மிதிக்கிறதில்ல. ஒத்துகினா வரேன்."

எல்லம்மாளுக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. ஓடிவந்து ஜெகதாம்பாளிடம் சொன்னாள். ஜெகதாம்பாள் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. பிள்ளை பிறப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லி வைப்பதா, நல்ல வாயால் நாலு வார்த்தை வராதா உனக்கு என்று சண்டைக்கு வந்தாள். வீட்டில் புதுக் கட்டுமரம் இறக்கியிருந்தார்கள். இரண்டு பிணத்தைத் தொட்ட கை அந்த வீட்டுக்குள் வரக் கூடாதாம். வரலட்சுமி கையில் இதுவரை ஓர் உயிர் போனதில்லை, கைராசிக்காரி என்று ஊரே சொல்கிறதாம். ஊர் என்றால் எந்த ஊர்? பிள்ளையும் தாயும் பிழைத்த வீடுகளாகப் பார்த்து விசாரித்துவிட்டு வந்திருந்தார்கள். வச்சலாவின் புருஷன் நீலமேகம் அம்மா பேச்சுக்குத் தலையாட்டிவிட்டுக் கடலுக்குப் போய்விட்டான்.

நேற்று வலி எடுத்த சேதி கேட்டு, மாமல்லபுரத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த எல்லம்மாள் அடித்துப் பிடித்து வந்தாள். சவுக்குத்தோப்பு ஒற்றையடிப் பாதையில் வரலட்சுமி எதிரே வந்தாள். வெற்றிலை பாக்கும் புதுப்புடவையும் மடியில் இருந்தன. ஆம்பளப் பிள்ளை, ஒரு குறையும் இல்லை, பெத்தவள் அசந்து தூங்குகிறாள் என்று சிரித்தபடி சொன்னாள். அந்தச் சிரிப்பை நம்பி எல்லம்மாளும் ஒரு நிமிஷம் மூச்சு விட்டாள். ஆனால் வரலட்சுமி போன வேகத்தைத் திரும்பிப் பார்த்தபோது மனசுக்குச் சரியாகப் படவில்லை. மிச்சத் தூரத்தை ஓடியே கடந்தாள்.

உள்ளே பாய் நனைந்து, அதன் கீழே போட்டிருந்த கோணியும் நனைந்திருந்தது. நஞ்சுக்கொடி முழுசாக விழவில்லை. தானாக நின்றுவிடும், ஆளை அசைக்காதே என்று வரலட்சுமி சொல்லிவிட்டுப் போனாள் என்று ஜெகதாம்பாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கல்பாக்கத்தில் அணு உலை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜல்லி ஏற்றிய லாரிகள் பகலெல்லாம் அந்த ரோட்டில் போகும், கை காட்டினால் நிற்கும். காலையிலேயே ஒருத்தர் போய்க் கை காட்டியிருந்தால் போதும். கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மணலில் ஓடினார்கள். அந்த வெயிலில் வச்சலா, "யக்கா, குளுருது" என்றாள். எல்லம்மாள் தன் முந்தானையைப் போர்த்தினாள். ரோட்டுக்குப் போய்ச் சேருமுன் கட்டில் கனத்துவிட்டது.

இப்போது குளிப்பாட்டும் நேரம். ஆண்கள் வெளியே போய்விட்டார்கள். புடவைகளை மறைப்பாகக் கட்டியாயிற்று. பிரசவத்தில் செத்தவளுக்குப் பிரசவம் பார்த்தவள்தான் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்றிய பிறகு அவளை அந்த ஊரில் எந்தப் பிரசவ வீட்டிலும் சேர்க்க மாட்டார்கள். குப்பம்மா இரண்டு முறை அப்படி ஊற்றியவள். சொந்த ஊரில் யாரும் கூப்பிடாமல், அக்கம்பக்கத்து ஊர்களில் நல்லது கெட்டது அறிந்தவர்கள் கூப்பிட்டால் போகிறவள்.

எல்லம்மாள் குடத்தை வரலட்சுமியின் முன்னால் வைத்தாள்.

"எந்திரி. வந்து ஊத்து."

அழுகை சட்டென்று நின்றது. வரலட்சுமி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நான் போறச்ச உசுரோட இருந்தா. என் கையில சாவல. நான் இன்னாத்துக்கு ஊத்தணும்?"

பெண்கள் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருத்தி எழுந்தாள். செங்கமலம், கோவளத்துக்காரி, எல்லம்மாளோடு கூடை தூக்குகிறவள். "எம்மவளும் உன் கையில சாவல. நீ வெத்தல பாக்கு வாங்கிகினு போனப்புறம்தான் செத்தா. நாங்க அவ விதின்னு நெனச்சிகினு இருந்தோம்" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. இன்றைக்குத்தான் கணக்குப் புரிந்தவள் போலப் பேசினாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள். அவள் வீட்டில் அப்படிப் போனது தங்கச்சியோ, மருமகளோ, யாரோ.

யாரும் அவள் கையில் சாகவில்லைதான். சாவு வாசலுக்கு வரும்போது அவள் கொல்லைப்பக்கமாகக் கிளம்பிவிடுவாள். அதற்குப் பெயர் கைராசி. எல்லம்மாளுக்கு அவள் மயிரைப் பிடித்து இழுத்துக் குடத்துக்குள் முக்க வேண்டும் போலிருந்தது. கை உயரவும் செய்தது. குறுக்கே வந்து பிடித்தது ஜெகதாம்பாள்.

"வுடு எல்லம்மா. நடந்தது நடந்துபோச்சு. அவள இன்னிக்கு தண்ணி ஊத்த வெச்சா, அப்புறம் தனக்கோடிக்கு யாரு கீறாங்க? இன்னிக்கோ நாளைக்கோன்னு கீறா அவ."

எல்லம்மாள் அவளையே பார்த்தாள். மூத்த மருமகள் பந்தலில் கிடக்கிறாள், முகத்தில் இன்னும் ஈரம் படவில்லை. அடுத்தவளுக்கும் இவளேதான் என்று முடிவு செய்தாயிற்று. என்ன சொல்லித் திட்டினால் இந்தப் பொம்பளைக்கு உறைக்கும் என்று தெரியவில்லை.

மறைப்புப் புடவை விலகியது. தனக்கோடி நின்றாள்.

பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் நடுவில் இருப்பது ஓலைத் தட்டிதான். அங்கே உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வயிற்றைப் பார்த்ததுமே பெண்கள் பதறி வழிவிட்டார்கள். ஒருத்தி அவள் கண்ணைப் பொத்தப் போனாள். தனக்கோடி அந்தக் கையைத் தள்ளிவிட்டு நடந்து வந்து, வச்சலாவின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். உதடு துடித்தது, ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை.

"அத்தே," என்றாள் ஜெகதாம்பாளைப் பார்க்காமலே, "எனக்கு அந்த குப்பம்மாவ கூப்டுங்க. வண்டிக்கும் சொல்லி வெச்சிருங்க."

"அடிப்பாவி, புள்ளைய வயித்துல வெச்சிகினு" என்று ஆரம்பித்த ஜெகதாம்பாள் அதற்கு மேல் போகவில்லை.

குடத்தைத் தூக்கத் தனக்கோடியால் குனிய முடியவில்லை. எல்லம்மாள் குடத்தை எடுத்துக் கொடுத்தாள், அடியில் தன் கையையும் தாங்கலாக வைத்துக்கொண்டாள். இரண்டு பேருமாகச் சாய்த்தார்கள்.

தண்ணீர் வச்சலாவின் நெற்றியில் விழுந்து, மஞ்சளைக் கரைத்துக்கொண்டு, சாணம் மெழுகிய தரையில் இறங்கி ஓடியது. வரலட்சுமி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஓரடி பின்னால் வைத்தாள். அங்கே நின்றிருந்த பெண்கள் நகரவில்லை. தண்ணீர் அவள் பாதத்தைத் தொட்டது.