மலைக்கு அந்தப் பக்கத்து மழை

வாய்க்காலின் அளவுக்கல்லை இரண்டாம் முறையும் குனிந்து பார்த்துவிட்டு வந்த ஞானசிகாமணிக்கு, ஆலை வாசலில் காத்திருந்த பெண்களின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கத் தயக்கமாக இருந்தது. ஆற்றுத் தண்ணீர்தான் ஆலையின் சக்கரத்தைச் சுற்றியது. கோடையில் தண்ணீர் குறைந்ததிலிருந்து, ஆறு நூற்பு எந்திரங்களில் எத்தனை ஓடலாம் என்று விடியற்காலையில் சொல்வது ஆலைக் கிளார்க்கான அவன் பொறுப்பு. குறைத்துச் சொன்னால் ஓர் எந்திரத்துப் பெண்கள் கூலியில்லாமல் திரும்புவார்கள். கூட்டிச் சொல்லி நடுவில் சக்கரம் தளர்ந்தால் இழை அறுந்து எல்லோர் கூலியும் போகும்.

"என்ன கிளாக்கரையா, இன்னைக்கும் எங்க எந்திரத்துக்குத்தான் விரதமா?" என்றாள் மாரிக்கண்ணு. சில நாட்களாக அவளுடைய எந்திரம்தான் நின்றுகொண்டிருந்தது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

கல் ஐந்து எந்திரத்துக்குத்தான் தண்ணீர் என்றது. ஆனால் முந்தின இரவு பொதிகை உச்சியில் ஓயாமல் மின்னல் வெட்டியதை அவன் பார்த்திருந்தான். மலையில் பெய்தது இறங்கிவராமலா போகும்? கணக்கு எங்கே முடிந்தது, ஆசை எங்கே தொடங்கியது என்று அவனுக்கே தெரியவில்லை.

"ஆறும் ஓடட்டும்" என்றான்.

வெயில் ஏறியும் தண்ணீர் ஏறவில்லை. சக்கரத்தின் சத்தம் மெலிந்தது. சக்கரக்கொட்டகை மேஸ்திரி அப்பாத்துரை அவனைக் கூப்பிட்டார்.

"எதை வச்சுலே ஆறுன்ன?"

"மேக்க மின்னுச்சு அண்ணாச்சி."

"மின்னுச்சு. மழை அந்தப் பக்கம் மலையாளத்துக்காரன் தலையிலல்லா விழுந்திருக்கு! மலை நமக்குன்னா மின்னலும் நமக்குத்தான்னு நெனச்சுட்டியாக்கும்."

"ஒண்ணை நிறுத்திருவோமா?"

"எதை?"

மாரிக்கண்ணுவின் எந்திரத்தைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

அப்பாத்துரை பதிலுக்கு நிற்கவில்லை. சக்கரம் சுழற்றும் இரும்புத் தண்டின் கோடியில் டைனமோ ஓடிக்கொண்டிருந்தது. துரை பங்களாவின் மின்விசிறிகளுக்கும் ஐஸ் செய்யும் எந்திரத்துக்கும் மின்சாரம் கொடுப்பது அது. அதைத் தொடக்கூடாது என்பது உத்தரவு. அவர் மூங்கில் கழியை எடுத்து, டைனமோவை ஓட்டுகிற தோல் வாரைப் பைய ஒரு நெட்டு நெட்டினார். வார் நழுவி விழுந்தது. டைனமோ முனகிக்கொண்டே நின்றது. சக்கரத்தின் பழைய சத்தம் திரும்பியது.

ஞானசிகாமணி கீழே கிடந்த வாரையே பார்த்தான். டைனமோ ஓர் எந்திரத்தின் பலத்தைத் தின்கிறது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு விடியலிலும் அதற்கு முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் பெண்களுக்குப் பங்கு வைத்தான். அதையும் நிறுத்தலாம் என்று ஒருநாளும் அவனுக்குத் தோன்றியதில்லை.

"துரை கேட்டா என்ன சொல்லுவிய?"

"வேர்க்குதும்பாரு. எனக்கும் வேர்க்குதுன்னு சொல்லுதேன்."

பங்களாக் கதவு திறந்தது. துரை தொப்பியை மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கினார்.

"நீ ஆபீசுக்குப் போலே" என்றார் அப்பாத்துரை.

அவன் போகவில்லை. அவர் கையிலிருந்த கழியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். கொட்டகைச் சன்னலுக்கு அப்பால், மாரிக்கண்ணு அறுந்த இழையொன்றைத் தலைநிமிராமல் முறுக்கிச் சேர்த்தாள். எந்திரத்தின் நூற்புக் கதிர் அதை இழுத்துக்கொண்டு சுற்றியது.