பால் கூடத்துக் கரும்பலகை

ஊரே அவரை ‘ஓநாய் மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடும். வேலை என்னவோ வனக் காவலர். யாரும் ஓநாய்களைச் சுடக்கூடாது, ஓநாய்களும் யார் ஆட்டையும் தொடக்கூடாது. இரண்டுக்கும் அவர்தான் பொறுப்பு. மத்தளம்போல இரண்டு பக்கமும் அடி வாங்கும் வேலை.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான், ஊரே பால் ஊற்ற வரும் பால் கூடத்துக் கரும்பலகை. ஓநாய்களின் கழுத்தில் ரேடியோ பட்டை உண்டு. அது காட்டும் இடத்தைப் பார்த்து, தினமும் காலையில் எழுதிவிடுவார்: ‘இன்று ஓநாய்கள் ஓடைப் பக்கம். ஆடுகள் மேட்டுப் பக்கம்.’ இரண்டு வருடமாக ஒரு ஆடுகூடப் போகவில்லை. அந்த நம்பிக்கையில் மேய்ப்பர்கள் தங்கள் துப்பாக்கிகளை அவருடைய அலுவலக அலமாரியில் ஒப்படைத்திருந்தார்கள். முதலில் ஒப்படைத்தவர் அவர் மனைவியின் அண்ணன்.

இப்போது ஒரே மாதத்தில் மூன்று ஓநாய்கள் குண்டடி பட்டுச் செத்துவிட்டன. மூன்றும் பலகையில் எழுதிய இடத்திலேயே. அப்படியானால் பலகையைப் படிக்கிற எவனோ ஒருவன்தான்.

எவன்? மச்சான் மட்டும் ஏன் தினமும் பலகையை இரண்டு தடவை படிக்கிறார்? போன வாரம் அவர் சட்டையில் ரத்தக் கறை ஏது? கேட்டதற்கு, “ஆடு குட்டி போட்டுச்சு மாப்பிள்ளை” என்றார். அதைச் சொல்லும்போது சிரித்தார் வேறு. அந்தச் சிரிப்பு காவலரை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

“எங்க அண்ணனையா சந்தேகப்படுறீங்க? நேரா கேட்டுட வேண்டியதுதானே!” என்றாள் மனைவி.

“கேட்டா உடனே ஒத்துக்குவாராக்கும்!”

வியாழக்கிழமை ஆடுகளுக்குத் தடுப்பூசி. எல்லா ஆடும் பட்டியிலேயே நிற்கும் என்ற தைரியத்தில் காவலர் பலகையில் பொய் எழுதினார். மேட்டில் இருந்த ஓநாய்களை ஓடைப் பக்கம் என்றார். கைப் பழக்கம் சும்மா இருக்குமா? ‘ஆடுகள் மேட்டுப் பக்கம்’ என்ற இரண்டாவது வரியையும் அது எழுதிவிட்டது. சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு ஓடைப் புதரில் போய்ப் பதுங்கினார்.

வந்தவன் பால் வண்டி டிரைவர். கையில் துப்பாக்கி. தினமும் அவருக்குச் சாக்பீஸ் எடுத்துக் கொடுக்கும் அதே கை. அவனைப் பிடித்து விலங்கு மாட்டியபோது காவலருக்குக் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம். நல்லவேளை, மச்சான் இல்லை!

டிரைவரோடு அலுவலகத்துக்குத் திரும்பினால் மச்சான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் ரத்தம்.

“ஊசி போட டாக்டர் வரல. பலகையைப் பார்த்துட்டு மேட்டுக்கு ஓட்டிட்டுப் போனேன். பதினோரு ஆடு போச்சு. நாயும் போச்சு.”

“மச்சான்... ஆளைப் பிடிக்கத்தான் அப்படி எழுதினேன்...”

“டிரைவர்னு முன்னாடியே தெரியுமா?”

“இல்ல...”

“அப்ப யாரைப் பிடிக்க எழுதின?”

வாசலில் மற்ற மேய்ப்பர்களும் ஒவ்வொருவராக வந்து நிற்க ஆரம்பித்திருந்தார்கள்.

“அலமாரியைத் திறங்க சார்” என்றார் மச்சான். “என் துப்பாக்கியைக் குடுங்க.”