இருபத்திரண்டின் குரல்

எல்லாவற்றையும் "காஸ்" என்று சொல்லிவிடுகிறார்கள். அடுப்பில் எரிவதும் காஸ், வயிற்றில் உருள்வதும் காஸ், ஏசியில் ஓடுவதும் காஸ். பதினாறு வருஷமாக பழவேற்காடு பஜாரில் ஏசி மெக்கானிக்காக இருக்கிற எனக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஏசியில் ஓடுகிற ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்தான் அதன் ஜாதகம். இருபத்திரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இருக்கிற இரண்டு, அதிலுள்ள ஃபுளோரின் அணுக்களின் கணக்கு. முன்னால் இருக்கிற இரண்டில் ஒன்றைக் கழித்தால் ஹைட்ரஜன் ஒன்று. நடுவில் ஒரே ஒரு கார்பன், அதற்கு நான்கு கை. மூன்று கை நிரம்பிவிட்டதா, மிச்சமிருக்கிற நான்காவது கையைக் குளோரின் பிடித்துக்கொண்டிருக்கும். ஓசோனைத் தின்பது அந்தக் குளோரின்தான் என்று இருபத்திரண்டை இப்போது ஒழித்துக்கட்டி வருகிறார்கள். புது ஏசிகளில் முப்பத்திரண்டு வருகிறது, அதில் குளோரின் கிடையாது. இருபத்திரண்டுக்கு நிறம் இல்லை, வாடை இல்லையென்றே சொல்லலாம், எரியாது. காற்றைவிட மூன்று மடங்கு கனம். இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். தெரிந்து என்ன பிரயோஜனம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

கோட்டைக்குப்பத்தில் சிங்காரம் என்று ஒருவர். ஏரியிலும் கடலிலும் வலை போட்டுப் பிழைத்தவர். கட்டைக் குரல் அவருக்கு. வாயைத் திறந்தால் ஏரியில் இருக்கிற இறால் எல்லாம் ஆந்திராவுக்கு ஓடிவிடும் என்று கேலி செய்வார்கள். போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மகன் தமிழ்வாணன் ஈரான் பக்கம் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறான். அவன் வந்து கொள்ளி வைக்க வேண்டும் என்பதால் உடம்பை வியாழக்கிழமை வரை ஃப்ரீசர் பெட்டியில் வைத்தார்கள்.

புதன்கிழமை காலையில் பெட்டி குளிரவில்லை என்று சிங்காரத்தின் தம்பி தினகரன் போன் செய்தார். போனேன். அதரப்பழசான பெட்டி, இருபத்திரண்டில் ஓடுவது. குழாய் இணைப்பில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை. அதை அடைத்து, உள்ளே இருந்த காற்றை இழுத்தெடுத்து, புதிதாக நிரப்பினேன். பெட்டி குடித்தது அரைக் கிலோகூட இருக்காது. நான் தூக்கிக்கொண்டு போன பச்சை சிலிண்டரில் இன்னும் பத்துக் கிலோவுக்கு மேல் இருந்தது.

வேலை செய்கிற நேரம் முழுக்க என்னைக் கலங்க வைத்தது அந்த வீட்டு மகள் செவ்வந்திதான். நான்கு வருஷத்துக்கு முன்னால் வேற்று ஜாதிப் பையனைக் கட்டிக்கொண்டு பொன்னேரிக்குப் போனவள். அன்றிலிருந்து சிங்காரம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பொங்கலுக்கு வந்து வாசலில் நின்றபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இப்போது அவள் அப்பாவின் தலைமாட்டில், பித்தளை விளக்கின் பக்கத்தில், வெறுந்தரையில் படுத்துக்கிடந்தாள். "நைனா, எம்மேல கோவமா? ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ நைனா" என்று பெட்டியின் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டபடியே இருந்தாள். சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பினால் போதும் என்றிருந்தது.

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவன் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. எங்கள் கரையில் இன்னொன்றும் சொல்வார்கள்: கால் கழுவிவிட்டால் அந்த வீட்டுக்குள் மறுபடி நுழையக் கூடாது, நுழைந்தால் சாவு நம்மோடு வீட்டுக்கு வந்துவிடும். இந்துவோ கிறிஸ்தவரோ, இந்த விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே ஜாதி. தெருக்குழாயில் காலைக் கழுவிவிட்டு பைக்கை உதைத்தபோதுதான் சிலிண்டர் உள்ளேயே நிற்பது ஞாபகம் வந்தது. வால்வை முழுக்கத் திருகினேனா என்றும் ஒரு சந்தேகம் வந்தது. வந்தது, மறைக்கவில்லை. பத்தடி தூரம்தான். ஆனால் என் மனைவி எப்சிபாவுக்கு அப்போது எட்டாவது மாதம். "வெளிய வந்துட்டா திரும்பி உள்ள போவாத, சொல்லிட்டேன்" என்று காலையிலேயே என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். அப்போது அவளைப் பார்த்துச் சிரித்தவன் நான். ஊருக்கெல்லாம் விஞ்ஞானம் சொல்கிறவனுக்கு அந்தப் பத்தடி போகக் கால் வரவில்லை. பிணம் எடுத்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று எளாவூரில் ஒரு லாட்ஜ் வேலைக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு தினகரனிடமிருந்து போன்.

"ஜெரோமு, பொட்டி நல்லா ஜில்லுனு கீதுடா. அது இல்ல விசயம். தலமாட்டு வெளக்கு பச்சையா எரியுது."

"இன்னாது?"

"பச்சையா, கெளி மாரி. அப்பால தானா அவிஞ்சிபூடுது. ஏத்த ஏத்த அவியுது. கொமட்டுது, கண்ணு எரியுது. பொம்பளைங்க எல்லாம் பயந்துகினு கீறாங்க."

கையில் இருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டேன். கசிவைக் கண்டுபிடிக்க முன்பெல்லாம் மெஷின் கிடையாது. செம்புத் துண்டு வைத்த ஒரு விளக்கைக் குழாய் ஓரமாகக் கொண்டுபோவார்கள். குளோரின் உள்ள வாயு கசிந்தால், சூடான செம்பைத் தொட்டதும் தீ பச்சையாகிவிடும், கண்ணெரிக்கிற புகையும் வரும். பித்தளையில் பாதிக்கு மேல் செம்புதானே. சிங்காரத்தின் தலைமாட்டு விளக்கு, யாரும் வைக்காத சோதனையைத் தானாகச் செய்துகொண்டிருந்தது. பச்சை என்றால் கசிவு. அவிகிறது என்றால் அந்த உயரம் வரை மூச்சுவிடக் காற்றில்லை என்று அர்த்தம்.

"கதவு ஜன்னல் எல்லாத்தையும் தொறங்க! செவ்வந்திய தரையிலேர்ந்து தூக்குங்க!" என்று கத்தினேன்.

"மோளம் அடிக்கிறாங்கடா, ஒண்ணும் கேக்கல" என்று அவர் வைத்துவிட்டார். பிறகு எத்தனை தபா அடித்தும் எடுக்கவில்லை. எளாவூரிலிருந்து கோட்டைக்குப்பம் வர எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. வழி நெடுக ஒரே ஒரு கணக்குதான் ஓடியது: பத்துக் கிலோ கசிந்தால் அந்தச் சின்ன அறையில் ஒரு முழத்துக்குக் குறையாமல் நிற்கும். தரையில் படுத்திருக்கிறவளுக்கு ஒரு முழம் என்பது முழுகுகிற ஆழம்.

தெருவுக்குள் நுழைந்தபோது மேளம் நின்றிருந்தது. அழுகைச் சத்தமும் இல்லை. வெயில் கொளுத்துகிறது, ஐம்பது அறுபது பேர் அதில் நின்றுகொண்டு, மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தைகூட சிணுங்கவில்லை. சாவு வீட்டில் அழுகை இல்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

வாசலில் கைகூப்பி நின்ற தினகரன் என்னைத் தடுத்தார். "உள்ள போவாத. அண்ணன் வந்துகீறாரு."

"எதுக்கு கதவ மூடினீங்க?"

"கடல் காத்துல வெளக்கு அவியுதுனு மூடினோம். மூடினப்பறம்தான் அவரு வந்தாரு. செவ்வந்தி மேல."

அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "கோவம் இல்ல" என்றது. அடியாழத்திலிருந்து இழுத்து இழுத்து வந்த கட்டைக் குரல், சிங்காரத்தின் குரலேதான். என் கையில் முடியெல்லாம் குத்திட்டு நின்றது. எண்ணும் ஜாதகமும் எல்லாம் ஒரு நொடியில் மறந்துபோய், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். உள்ளே இருட்டு. பெட்டிக்குள் எரிந்த சின்ன விளக்கு வெளிச்சத்தில் சிங்காரம் வாயை மூடிக்கொண்டு அமைதியாகப் படுத்திருந்தார். பெட்டி உறுமுகிற சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. பின்னால் நின்ற என் சிலிண்டர், வாயு கசிந்த குளிரில், முழுக்க வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது. லோகநாயகி அக்கா, சிங்காரத்தின் மனைவி, முட்டிவலிக்காரி என்பதால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தரையை நோக்கிக் குனிந்திருந்தார். தரையில் செவ்வந்தி. கண் பாதி திறந்திருந்தது, உதடு நாவல்பழம் தின்றவள் உதடுபோல இருந்தது. "கோவம் இல்ல... கோவம் இல்ல..." அந்தக் குரல் அவள் வாயிலிருந்துதான் வந்தது.

நான் குனிந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். வலை இழுத்த கை, விடுவிக்க முடியவில்லை. "தொடாத! நாலு வருசமா பேசாத மனுசன் இப்பதான் பேசறாரு. எங்கிட்ட இன்னும் பேசல."

தரையில் கிடந்த தீப்பெட்டியைக் காலால் தள்ளி, இன்னொரு கையால் எடுத்து அக்காவின் மடியில் வைத்தேன். "ஒரு குச்சிய கீசி கீழ கொண்டு போங்கக்கா" என்றேன். கிழித்தார். நெஞ்சு உயரத்தில் நன்றாக எரிந்தது. முட்டிக்குக் கீழே போனதும் யாரோ விரலால் நசுக்கியதுபோல் அணைந்தது. காற்று அசையவே இல்லை. இன்னொரு குச்சியைக் கிழித்தார், அதுவும் அதே இடத்தில் அணைந்தது.

"தீ உசுரு விடற எடத்துலதான்க்கா உங்க பொண்ணு படுத்துனு கீறா."

அக்கா என் கையை விட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து செவ்வந்தியை வாரியெடுத்து வெளியே மணலில் கொண்டுபோய்ப் போட்டேன். கூட்டம் ஐயோ என்று விலகியது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஆண்டவரே இவளை விட்டுவிடும் என்று வாய்விட்டே கெஞ்சினேன். கன்னத்தில் தட்டினேன். நாலைந்து மூச்சு இழுத்தாள். பிறகு பலமாக இருமி, வாந்தி எடுத்து, "தண்ணி" என்றாள். கீச்சென்ற அவளுடைய சொந்தக் குரலில் கேட்டாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வால்வைச் சரியாகத் திருகாதது, ஞாபகம் வந்தும் திரும்பிப் போகாதது, எல்லாம். இருபத்திரண்டு கனமானது, அது தொண்டையில் நிறைந்தால் சத்தம் மெதுவாக ஓடும், கீச்சுக் குரலும் கட்டையாகிவிடும், மூளைக்குக் காற்று குறைந்தால் மனசில் இருப்பது பினாத்தலாக வெளியே வரும் என்றும் சொன்னேன். நான் முடிக்கும் முன்பே தினகரன் பளாரென்று ஒன்று விட்டார். வாங்கிக்கொண்டேன், கம்மியாகத்தான் கொடுத்தார்.

செவ்வந்தி தலையைத் தூக்கினாள். "அப்போ நைனா பேசலயாண்ணா?"

"இல்லமா. அது உன் தொண்டதான்."

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. இன்னா சொன்னேன் நானு?"

"கோவம் இல்லனு சொன்ன."

அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற ஆட்டோ வருகிறவரை நிமிரவே இல்லை. பொய் சொல்லியிருக்கலாமோ என்று எனக்கு இன்றுவரை இருக்கிறது.

கதவு ஜன்னல் எல்லாம் திறந்து அரை மணி நேரம் விட்ட பிறகு உள்ளே போய், வால்வை இறுக்கித் திருகி, சிலிண்டரை வீட்டுப் பின்பக்கம் மணலுக்குக் கொண்டுவந்தேன். லோகநாயகி அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றார்.

"அதுல மிச்சம் கீதா?"

"இல்லக்கா. காலி."

கை நீட்டிச் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார். முப்பது வருஷம் மீன் கூடையைக் கையாலேயே எடை போட்ட பொம்பளை. உள்ளே திரவம் சளக்கென்று ஆடியது.

"எங்கிட்டயே பொய் சொல்றியா?"

"அக்கா, நான் சொன்னது எல்லாம் உங்களுக்கு வெளங்கல. அவரு பேசல. அது வெறும்..."

"வெளங்கிச்சு. கனமான காத்து. தொண்டைக்குள்ள போனா கொரலு மாறும். அவ்ளோதானே? யாரு தொண்டையா இருந்தா இன்னா தம்பி? கொரலு அவருதுதானே."

வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, அந்தப் பச்சைப் பிடியைத் திருகிவிட்டார். சீறிக்கொண்டு வந்தது. நான் தாவிப் பிடித்து மூடினேன். அதற்குள் முந்தானையைக் குவித்து அதில் நிரப்பி, முகத்தைப் புதைத்து ஆழமாக ஒரு மூச்சு இழுத்துவிட்டார். பதறிப்போய் அவர் தோளைப் பிடித்தேன். அக்கா நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல், ஏரிப் பக்கமாக வாயைத் திறந்தார்.

"லோகு" என்றது சிங்காரத்தின் குரல்.

காற்று அடித்தது. அக்கா ஒருமுறை மூச்சு விட்டு, ஒருமுறை மூச்சு எடுத்தார்.

"இன்னா மாமா?" என்றார், தன் சொந்தக் குரலில்.