கிழிசலின் குட்டி

டால்பின்களுக்கு முகத்தைப் பார்த்துப் பெயர் வைப்பதில்லை. முதுகுத் துடுப்பைப் பார்த்துத்தான் வைப்பார்கள். துடுப்பின் ஓரத்தில் எங்கே வெட்டு, எங்கே கீறல் என்று கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, இது அரிவாள், இது பல்லி, இது கிழிசல் என்று அடையாளம் சொல்வதுதான் அவள் வேலை. அலுவலகத்தில் அவளுக்குக் கழுகு என்று பெயர். கணக்கெடுப்புப் படகை ஓட்டும் அவள் கணவனோ, "எங்க அத்தை முகத்தைப் பார்த்து நீங்க யாருன்னு கேட்டவ, இதுங்க முதுகை மட்டும் மறக்க மாட்டேங்கிறா" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

அந்த அலுவலகம் கடலுக்கு வரைபடம் போட்டது. திமிங்கிலமும் டால்பினும் எங்கே இரை தேடுகின்றன, எங்கே குட்டி போட்டு வளர்க்கின்றன என்று கோடு போட்டுக் கொடுத்தால், கோட்டுக்குள் பெரிய கப்பல்கள் வேகமாகப் போகக் கூடாது. மற்ற இடங்களெல்லாம் முடிந்துவிட்டன, வளைகுடா ஒன்றுதான் பாக்கி. அது குட்டி வளர்க்கும் இடம் என்று காட்ட, இந்தப் பருவத்தில் அங்கே ஒரு குட்டியையாவது பார்த்திருக்க வேண்டும். காற்றும் அலையுமாகப் பருவம் கழிந்துகொண்டிருந்தது. படகில் போனவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை.

பருவம் முடியும் வேளையில் கிழிசல் வந்தாள். பக்கத்தில் சின்னதாக ஒன்று.

படங்கள் வந்ததும், எதற்கும் சிரிக்காத திட்டத் தலைவரே எழுந்து நின்று கைதட்டினார். வயதான பெண்மணி, இந்த வளைகுடாவுக்காக எத்தனையோ கதவுகளைத் தட்டியவர். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று அறையில் ஒரே பேச்சு. அன்றைக்கே வளைகுடாவைச் சுற்றிக் கோடு விழுந்தது. துடுப்பைச் சரிபார்த்துச் சொல்வது மட்டும் அவள் பொறுப்பு.

துடுப்பு கிழிசலுடையதுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். கைப்பழக்கத்தில் மற்ற படங்களையும் தள்ளிப் பார்த்தாள். தாய் மேலே வந்த படங்களில், தலைமேல் இருந்த மூச்சுத்துளை திறந்திருந்தது. குட்டியின் துளை எந்தப் படத்திலும் திறக்கவில்லை. ஒரு படத்தில் அதன் வயிறு வானத்தைப் பார்த்துக் கிடந்தது. தாய் மூக்கால் அதைத் தாங்கிப் பிடித்திருந்தாள். கருப்பையில் மடங்கிக் கிடந்ததால் விழுந்த வெளிர்க்கோடுகள்கூட அந்த உடம்பில் இன்னும் மறையவில்லை.

வீட்டில், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவனிடம், குட்டி உயிரோடு இல்லை என்று சொன்னாள். அவன் குழாயை மூடினான்.

"உனக்கு மட்டும்தானே தெரியும்?"

"ஆமா."

"அப்ப யாருகிட்டயும் சொல்லாத. அந்த இடமாவது பொழைச்சுப் போகட்டும்."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் யாரிடமும் சொல்லாதே என்ற பேச்சை அவள் அந்த வீட்டில் முன்பே கேட்டிருந்தாள். போன வருடம் அவளுக்குக் குழந்தை இறந்து பிறந்தது. மயக்கம் தெளிவதற்குள் எடுத்துப் போய்விட்டார்கள். எத்தனை பிள்ளை என்று யாராவது கேட்டால் இன்னும் இல்லை என்று சொல்லிவிடு, விவரம் சொன்னால் கேட்கிறவர்களுக்கும் சங்கடம் என்று நாத்தனார் அன்பாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். அவளும் அப்படியே சொல்லிவந்தாள்.

பிறந்ததைப் பிறக்கவில்லை என்று சொல்லியாகிவிட்டது. இனி செத்ததை உயிரோடிருக்கிறது என்றும் சொல்ல அவளிடம் தெம்பில்லை.

மறுநாள் தலைவரிடம் படங்களைக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"செத்தாலும் பிறந்தது பிறந்ததுதானே மேடம்? இங்கதானே பெத்திருக்கா."

"இங்கதான் பெத்தான்னு எப்படிம்மா சொல்றது? வெளியே எங்கயோ பெத்து, இங்க தூக்கிட்டு வந்திருக்கலாம். செத்ததை எண்ணிக்கையில சேர்க்க முடியாது."

கோட்டை அவரே அழித்தார். வளைகுடா பழையபடி வெறும் நீலமாகிவிட்டது. அன்று முழுவதும் யாரும் அவளைக் கழுகு என்று கூப்பிடவில்லை.

உயிருள்ள வேறு குட்டி தென்பட்டால் வழியுண்டு என்று தலைவர் கடைசிச் சுற்றுக்கு அனுப்பினார். மற்றவர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்ல, அவளும் கணவனும் மட்டும் போனார்கள். கண்ணில் பட்டதை அவள் சத்தமாகச் சொல்ல வேண்டும், அவன் எழுத வேண்டும். அதுதான் முறை. நெடுநேரம் சொல்ல ஒன்றும் இல்லை.

திரும்பும் வழியில் கிழிசல் தென்பட்டாள். குட்டியின் தோல் உரியத் தொடங்கியிருந்தது. அது மூக்கிலிருந்து நழுவும். தாய் முங்கிப் போய் மேலே கொண்டுவருவாள். மறுபடியும் நழுவும்.

வழியில் எங்கும் நிற்கக் கூடாது என்பது கணக்கெடுப்பின் விதி. அவன் இயந்திரத்தை நிறுத்தினான். சத்தம் அடங்கியதும் தாய் மூச்சு விடுவது கேட்டது.

"அவகிட்ட இருந்து யாரும் வாங்கிட்டுப் போகல" என்றான், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

அவள் சத்தமாகச் சொன்னாள். "பெருசு ஒண்ணு."

அவன் எழுதாமல் காத்திருந்தான். "அவ்வளவுதானா?"

"குட்டி ஒண்ணு" என்றாள்.

மொத்தம் என்ற இடத்தில் அவன் இரண்டு என்று எழுதினான். அலுவலகத்தில் அதை அடித்து ஒன்றாக்கிவிடுவார்கள் என்று இருவருக்கும் தெரியும்.