குட்டி கடக்கும் வரை

நெய்க் கிண்ணத்தை மறந்துவிட்டுப் பாடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஜோனாலி அதை எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடினாள். சவத்தின் பின்னால் பெண்கள் படலைத் தாண்டி வருகிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. காலையில்தான் கேட்டுப் பார்த்திருந்தாள்.

"அப்பாவுக்குப் பையன் இல்ல. ஒரு மூலைய நான் தூக்கறேன்."

பெரியப்பா அவள் முகத்தைப் பார்க்காமலே, "நடக்கிற காரியமாப் பேசு" என்றுவிட்டார்.

பிரம்மபுத்திராவின் கரைக்குத் திரும்பும் முனையில் பாடை நின்றுகொண்டிருந்தது. இளவட்டங்களில் பாதிப் பேர் பிழைக்கக் கேரளத்துக்குப் போயாயிற்று. மீதிப் பேர் விறகு அடுக்க முன்னாலேயே ஆற்றுக்குப் போயிருந்தார்கள். தூக்கியவர்கள் நான்கே பேர், முன்னால் நெருப்புச் சட்டியோடு பெரியப்பா. இருநூறு அடி தள்ளி, பாதையை அடைத்துக்கொண்டு பதினோரு யானைகள் பாடையில் கிடந்த அவள் அப்பா பொலோராமின் நெல்லைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தன. நடுவில் ஒரு குட்டி.

வாசலை விட்டுக் கிளம்பிய பாடை சுடுகாடு சேரும் வரை மண்ணைத் தொடக் கூடாது. பொழுது சாய்வதற்குள் எரிக்கவும் வேண்டும்.

"இருந்தப்பவும் இதுங்களுக்கு விருந்து, செத்தும் விருந்து," என்றான் தலைமாட்டு மூலையைச் சுமந்த பக்கத்து வீட்டுத் திகந்தா. அவன் சட்டைப்பையில் வெடி இருந்தது. போன வருஷம் யானை தள்ளிய சுவர் அவன் மனைவியின் காலில்தான் விழுந்தது. அவள் இன்னும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறாள். அவன் கோபத்தைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

"பெரியப்பா, என் பையில இருக்கிற வெடிய நீங்க கொளுத்திப் போடுங்க," என்றான் திகந்தா.

"அவர் கை நடுங்கற நடுக்கத்துக்கு நம்ம மீசையத்தான் கொளுத்துவாரு," என்றான் கால்மாட்டில் நின்றவன்.

அப்போதுதான் ஜோனாலி வந்து சேர்ந்தாள்.

"நல்ல நேரத்துக்கு வந்த. இந்த மூலையப் புடி," என்றான் திகந்தா. "வழக்கமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். ரெண்டு வெடி போட்டா வழி விட்டுரும்."

பெரியப்பாவும் தலையாட்டினார். "புடிம்மா."

அவள் கை தானாக மூங்கிலுக்குப் போனது. பிறகு குட்டியைப் பார்த்தாள். முப்பது வருஷம் வயல் காவல் காத்தவர் அப்பா. வேலிக் கம்பியில் மின்சாரம் விட்டதில்லை. குட்டியைக் கண்டால் நட்ட கம்பம் மாதிரி நின்றுவிடுவார். சத்தம் வந்த பக்கம்தான் தாய் பாயும் என்பார். விளைச்சலில் பாதி போனது, ஊர் சிரித்தது. ஆனால் அவரோடு காவலுக்குப் போன ஒருத்தர்கூட எலும்பு முறிந்து வீடு திரும்பியதில்லை. அப்படி ஒரு மனிதர்.

ஜோனாலி கிண்ணத்தோடு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மாட்டேன்."

"காலைல நீதானே கேட்ட?"

"கேட்டேன். இப்ப தூக்குனா வெடி போட உங்க கை சும்மாயிடும், அண்ணா. குட்டி போகட்டும்."

திகந்தா அவளை முறைத்தான். வெடிக்காகக் கையை விட்டால் பொலோராம் மண்ணில் கிடப்பார். அப்படி விட அவனுக்கும் மனம் வராது.

மார்கழிக் குளிரிலும் நான்கு பேர் முதுகும் நனைந்தது. குட்டி ஒரு கதிர்க்கட்டைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டு விளையாடியது. வெயில் மஞ்சளாகும் நேரத்தில் தாய் அதை முட்டித் தள்ளி நாணலுக்குள் கூட்டிப் போனது. மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

பாதை வெறிச்சென்று கிடந்தது.

"இப்பவாவது புடிப்பியா? தோளு போச்சு," என்றான் திகந்தா, அவளைப் பார்க்காமல்.

பெரியப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டி நெருப்பை ஊதிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஜோனாலி மூங்கிலுக்கடியில் தோளைக் கொடுத்தாள். மற்ற மூவரையும்விட ஒரு சாண் குட்டை அவள். பாடை அவள் பக்கம் சரிந்து, வெள்ளைத் துணிக்குள் இருந்த அப்பாவின் தலை அவள் காதோரம் வந்து நின்றது. நேராகப் பிடி என்று யாரும் சொல்லவில்லை.