டயர் கடையும் தர்ப்பூசணி ராப்பும்

என் வீட்டுக்காரர் கல்யாண வீடியோ எடுப்பவர். அவர் எடுத்து வருவதை வெட்டி ஒட்டுவது நான். எங்கள் வீட்டு முன்னறைதான் ஸ்டுடியோ. யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் வாயைத் திறக்க மாட்டேன். கேட்டால் மட்டும் சொல்வேன்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் மண்ணைப் போட வந்தான் என் தம்பி. அவன் ராப் பாடுகிறவன். தனக்குத்தானே 'சூறாவளி' என்று பெயர் வைத்துக்கொண்டான். ஆள் என்னவோ மேஜை ஃபேன் காற்றுக்கே சாய்ந்துவிடுவான். டயர் கடை வைத்திருக்கும் எங்கள் அப்பா ஒரு நாள் பொறுமை இழந்தார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். அதுக்குள்ள நம்ம தெருவைத் தாண்டி ஒருத்தனாவது உன் பாட்டைக் கேட்டான்னு காட்டு. இல்லேன்னா திங்கட்கிழமை காலையில கடைக்கு வந்து டயரை உருட்டு. அவ்வளவுதான்."

தனியாகப் பாடினால் தெரு நாய்கூடத் திரும்பாது என்பது தம்பிக்கே தெரியும். அதனால் மானம் ரோஷத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, தன் பரம எதிரி 'கட்டெறும்பு'வைத் தேடிப் போனான். கட்டெறும்பும் ராப் பாடுகிறவன்தான். அதுவரை இருவரும் ஒருவரை ஒருவர் திட்டித்தான் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது சேர்ந்து வெயிலைத் திட்டி ஒரு பாட்டுச் செய்தார்கள். பெயர் 'ஃபேனைப் போடுடா'. சும்மா சொல்லக் கூடாது, பாட்டு நன்றாகவே இருந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டே நான் இடுப்பை ஆட்டியதை யாரும் பார்க்கவில்லை.

வீடியோ எடுக்க ஆள் வேண்டுமே? சொந்தத்தில் கேமரா இருக்கும்போது எவன் வெளியே தேடுவான்?

"மாமா, நீங்கதான் கைகொடுக்கணும்" என்றான் தம்பி.

"அதுக்கென்ன மச்சான், ஜமாய்ச்சுடலாம்" என்றார் என் வீட்டுக்காரர். அந்த மனிதருக்கு எதற்கும் முடியாது என்று சொல்லத் தெரியாது. அவருக்கும் சேர்த்து நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை எங்கள் மொட்டை மாடியில் ஷூட்டிங். கூட்டம் காட்ட வேண்டும் என்று அப்பா, அத்தை, பக்கத்து வீட்டுத் தையல்காரர் என்று எல்லாரையும் தம்பி வரவழைத்திருந்தான். வெயிலுக்குத் தர்ப்பூசணி வெட்டி வைத்தோம். எனக்குக் கீழே வேலை இருந்தது. மேலேயிருந்து இவர் குரல் மட்டும் கேட்டது.

"ரெண்டு பேரும் கிட்ட வாங்க. இன்னும் கொஞ்சம். தோள்ல கை போடுங்க. வெட்கப்படாம அவரைப் பார்த்துச் சிரிங்க தம்பி!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போதே மாடியேறிப் போயிருக்க வேண்டும். விதி யாரை விட்டது?

ஞாயிறு காலை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்தில் தம்பி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். படத்தை ஓடவிட்டுப் பாட்டைச் சேர்த்தேன். பாட்டு ரயில் வேகத்தில் போகிறது, தம்பியின் வாய் மாட்டுவண்டியில் வருகிறது. கட்டெறும்பு பாடவேண்டிய இடத்தில் அவன் கொட்டாவி விடுகிறான். ஒரு இடத்தில்கூட வாயும் வார்த்தையும் ஒட்டவில்லை.

"என்னங்க, பாட்டை ஓடவிட்டுத்தானே எடுத்தீங்க?"

"ஸ்பீக்கரை நிறுத்திட்டேனே. நான் சொல்றது அவங்களுக்குக் கேக்கவே இல்லை" என்றார், ஏதோ சாதனை போல. "கல்யாணத்துல யாரு என்ன பேசினாலும் நீ மேல பாட்டைத்தானே போடுவே? அப்படிப் போட்டுடு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அது கல்யாணம்! இவனுங்க பாடறவனுங்க! வாய்தாங்க இவனுங்க சொத்தே!"

மறுபடி எடுக்கவும் வழியில்லை. கட்டெறும்பு விடிகாலையிலேயே வெளியூர் போய்விட்டான். போதாக்குறைக்கு, அத்தனை நாள் காய்ந்த வானம் அன்றைக்குப் பார்த்துப் பொத்துக்கொண்டு ஊற்றியது. தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"முடிஞ்சுது அக்கா. நாளையிலேர்ந்து டயர்தான். எனக்குப் பாட்டை விட்டா வேற ஒண்ணும் தெரியாதுக்கா."

அவன் கண் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன். வேறு ஏதாவது தேறுமா என்று மிச்சப் படங்களைத் தேடினேன். எல்லாம் சாப்பாடு! யாராவது வாயைத் திறந்தால் போதும், கேமராவைத் தொண்டைக்குள் இறக்குவது இவர் பழக்கம். எத்தனை கல்யாணத்தில் திட்டு வாங்கினாலும் திருந்தவில்லை. அத்தை தர்ப்பூசணி தின்கிறார், தையல்காரர் தின்கிறார், அப்பா தின்கிறார்.

"இதைத்தான் எடுத்துக் கிழிச்சீங்களா?" என்று எரிச்சலில் விசைப்பலகையை ஓங்கித் தட்டினேன். பாட்டு ஓட ஆரம்பித்தது. திரையில் அப்பா.

அப்பாவுக்குப் பல்செட். எதையும் முன்பல்லால் அணில் மாதிரிப் படபடவென்று மெல்லுவார். அந்த வேகம் தம்பியின் வேகமான வரிகளோடு அப்படியே பொருந்தியது. டிரம் அடி விழுந்த இடத்தில் 'த்தூ' என்று கொட்டையைத் துப்பினார்.

தம்பி துள்ளி எழுந்தான். "அக்கா! அப்பா என் பாட்டைப் பாடறாரு!"

அதற்கப்புறம் எனக்குக் கை நிற்கவில்லை. அகலமாக வாய் திறந்து கடிக்கும் அத்தைக்குப் பல்லவி. கன்னம் உப்பிய தையல்காரருக்குக் கட்டெறும்பின் வரிகள். கடினமான இடமெல்லாம் அப்பாவுக்கு. மதியத்துக்குள் முடித்து இணையத்தில் விட்டோம்.

சாயங்காலம் அப்பா குடையைக்கூட மடக்காமல் உள்ளே நுழைந்தார்.

"எவன்டா என் வாயில கண்டதையும் போட்டது? எங்கேயோ கடல் தாண்டி இருக்கற என் சிநேகிதன் போன் பண்ணிச் சிரிக்கறான்!"

நான் படத்தைப் போட்டுக் காட்டினேன். முறைத்துக்கொண்டே பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்தத் துப்பல் நல்லா வந்திருக்குல்ல?" என்றார். பிறகு தம்பி பக்கம் திரும்பாமலே, "தெருவைத் தாண்டிருச்சுடா. சொன்ன சொல் சொன்னதுதான். நீ டயர் உருட்ட வேண்டாம்" என்றார்.

தம்பி தேம்பித் தேம்பி அழுதான். யாராவது அழுதால் பக்கத்தில் போய் எடுக்க வேண்டுமல்லவா? என் வீட்டுக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

அந்நேரம் தம்பியின் போன் அடித்தது. கட்டெறும்பு. தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தான்.

"மச்சி, பார்த்தியாடா? அடுத்த பாட்டு எப்போ?" என்றான்.

"நாளைக்கே இங்க வெச்சுக்கலாம்டா. நீ வரலேன்னாலும் பரவாயில்லை. போனை அப்பாகிட்ட குடு." கட்டெறும்பின் குரல் எங்களுக்கே கேட்டது.

மறுநாள் மதியம் டயர் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அப்பா விடியற்காலையிலேயே தலைக்கு மை அடித்து, பல்செட்டைப் பளபளவென்று தேய்த்து, கடைச் சாவியைத் தம்பி கையில் திணித்துவிட்டு, கட்டெறும்பு இருக்கும் ஊருக்கு ஷூட்டிங் கிளம்பிப் போயிருந்தார். "இன்னைக்கு ஒரு நாள்தான்டா" என்றாராம்.

கை முழுக்கக் கரியோடு தம்பி நின்றுகொண்டிருந்தான். வண்டியில் வந்த ஒருவர் அவனை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, நீங்க அந்தத் தர்ப்பூசணி ராப்பரோட பையன்தானே?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் சாப்பாட்டுத் தூக்கைப் பார்த்தேன்.

"ஆமாங்க" என்றான் சூறாவளி. "பஞ்சரா, காத்தடிக்கணுமா?"