கருங்கொம்பனின் ஓங்கிய கை

தம்பி இறந்து ஒரு மாதம் முடிவதற்குள், அவன் வரைந்த பூதம் வந்து அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டியது. நல்ல வெயில் நேரம். அக்கா அப்போதுதான் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிட வந்திருந்தாள். கதவைத் திறந்தால், வாசலை அடைத்துக்கொண்டு கருங்கொம்பன் நிற்கிறது. ‘நடுக்கம்’ படக்கதைப் பத்திரிகையின் ஏழாம் இதழில், கடைசிக் கட்டத்தில், கதையில் வரும் பெண் விஞ்ஞானியின் வீட்டுக் கதவைத் தட்டுவதற்காகக் கையை ஓங்கிய நிலையில் தம்பி அதை விட்டுவிட்டுப் போயிருந்தான். கை இன்னும் ஓங்கியபடியே இருந்தது. அதை அசைக்க முடியாததால் உடம்பையே முன்னும் பின்னும் ஆட்டித்தான் கதவைத் தட்டியிருக்கிறது. உடம்பு பச்சை, கண்ணும் நாக்கும் சிவப்பு. ‘நடுக்கம்’ இதழில் நிறம் எப்போதும் கோட்டோடு சேராமல் தள்ளித்தான் விழும். இங்கேயும் பச்சை, உடம்பை விட்டு ஒரு விரல்கடை வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. முதுகு வெறும் வெள்ளை. தம்பி எந்த இதழிலும் அதன் முதுகை வரைந்ததில்லை. அக்கா அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “குனிஞ்சு வா, நிலை இடிக்கும்” என்றாள். அது குனிந்து உள்ளே வந்தது.

அக்காவுக்கு ஜெராக்ஸ் கடை. தம்பி வண்டிகளுக்கு நம்பர் பலகை எழுதியவன். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, மாமாவின் பழைய பேப்பர் கடையில் வளர்ந்தவர்கள். எடைக்கு வந்த கட்டுகளில் அந்தக் காலத்துப் பூதக் கதைப் புத்தகங்கள் கிடைக்கும். கிணற்றிலிருந்து நீளும் கை, அலறி ஓடும் பெண், பின்னணியில் ஒரு மஞ்சள் நிலா, ‘இதயம் பலவீனமானவர்கள் படிக்க வேண்டாம்’ என்று அட்டையில் எச்சரிக்கை. பாதிப் புத்தகங்களில் கடைசிப் பக்கம் கிழிந்திருக்கும். தம்பி அழுவான். அழுகையை நிறுத்த அக்காதான் முடிவை இட்டுக்கட்டிச் சொல்வாள். பெரியவர்களான பிறகும் இருவருக்கும் அந்தப் பைத்தியம் விடவில்லை. அக்காவுக்குக் கல்யாணம் நடந்து, ஒத்துவராமல் திரும்பி வந்த வருடம், தம்பி அவளை உட்காரவைத்து, “நாமளே ஒண்ணு போடலாம்க்கா” என்றான். கதையும் வசனமும் அவள், படம் அவன். அவள் கடை மெஷினில் நகல் எடுத்து, அட்டையில் வெட்டிய ஓட்டை வழியாக அவன் ஸ்பாஞ்சால் பச்சையும் சிவப்பும் ஒற்றி, நடுவில் பின் அடித்துக் கொண்டுபோய்ப் பேருந்து நிலையத்துப் பத்திரிகைக் கடையில் தொங்கவிட்டார்கள். முதல் இதழை வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் தெரிந்தவர்கள். மூன்றாவது இதழுக்குத் தெரியாதவர்கள் வந்து கேட்டார்கள். அன்றைக்கு இருவருக்கும் கால் தரையில் நிற்கவில்லை.

ஆறாம் இதழ் வெளிவந்தபோது தம்பிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பெயிண்டையும் தின்னரையும் இத்தனை வருடம் முகர்ந்ததில் நுரையீரல் சல்லடையாகியிருந்தது. டாக்டர் அக்காவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். தம்பிக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. “கொம்பன் சாகணும்க்கா. பழைய கதைல எல்லாம் கடைசிப் பக்கத்துல பூதம் செத்துரும். சாகலைன்னா அது பூதக் கதையே இல்ல. நீ எழுதிக் குடு, நான் வரைஞ்சிடறேன்” என்றான். அக்கா, “யோசிக்கிறேன்டா” என்றாள். யோசிக்க ஒன்றுமில்லை. முடிவு எழுதாத வரைக்கும் அவனை எதுவும் கொண்டுபோகாது என்று அவள் மனது எப்படியோ நம்பிவிட்டது. கதை பாக்கி இருக்கிற ஆளை நடுவில் எழுப்பிக்கொண்டு போக முடியுமா? அதனால் அவன் தினம் கேட்க, அவள் தினம் நாளைக்கு என்றாள். வசனம் கைக்கு வராததால் ஏழாம் இதழில் அவன் கதையைக் கதவு வரை கொண்டுவந்து, ஓங்கிய கையோடு நிறுத்தி, மூலையில் ‘அடுத்த இதழில்’ என்று எழுதிப் பேனாவை மூடினான். பிறகு அதைத் திறக்கவில்லை.

பூதம் வந்த அன்றே எல்லாப் பிரதிகளிலும் அந்தக் கடைசிக் கட்டம் காலியாகி, வெறும் கதவு மட்டும் மிஞ்சியது. அச்சுப் பிழையோ என்று விசாரிக்க வந்த வாசகர்கள், பூதம் தம்பியின் கட்டிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “ஓ, இங்க இருக்கா” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்து, “நிரந்தரமா, விருந்தாளியா?” என்று கேட்டார். தெரியலைங்க என்றாள் அக்கா. “எதுக்கும் தண்ணியைப் பாத்துச் செலவு பண்ணச் சொல்லுங்க” என்று ஏறிப் போனார். பூதத்துக்குப் பேச்சு அதிகமில்லை. அத்தனை இதழிலும் அக்கா அதற்கு எழுதியிருந்தது ஓர் உறுமலும், “மனிதர்களே, நான் மீண்டு வந்துவிட்டேன்!” என்ற ஒரே ஒரு வசனமும்தான். காலையில் எழுந்தால் அதைச் சொன்னது. டீ கொடுத்தால் அதைச் சொன்னது. கடைக்குக் கூட்டிப்போனால் வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னது. அவர்களும் “நல்லதுங்க” என்று சொல்லி, நகல் எடுக்கும்வரை ஓங்கிய கையில் பையையும் குடையையும் மாட்டி வைத்தார்கள். இப்படியே இரண்டு மழைக்காலம் போனது.

மூன்றாவது வருடத்தில் கை வலி அதைத் தின்ன ஆரம்பித்தது. படுத்தாலும் கை வானத்தைப் பார்த்தே நிற்கும். அக்கா உத்தரத்துக் கொக்கியிலிருந்து பழைய சேலையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி கட்டி, கையை அதில் தாங்க வைத்தாள். தைலம் போட்டுத் தேய்த்தால் அவள் உள்ளங்கையில் மை ஒட்டிக்கொண்டு வந்தது. முழங்கைக் கோடு மங்கியதைப் பார்த்ததும் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். அது தம்பியின் கோடு. அவன் கையிலிருந்து வந்ததில் இனி மிஞ்சியது அவ்வளவுதான். உறுமல் வரவரத் தேய்ந்து, யாரோ பக்கத்து அறையில் முனகுவது போல ஆனது. அக்கா அழவில்லை. தம்பி போன அன்றும் அவள் அழவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று சொந்தத்தில் பேச்சு இருந்தது.

விளம்பரக் கம்பெனியில் படம் போடும் ஒருவர் முதல் இதழிலிருந்தே வாசகர். விஷயம் கேள்விப்பட்டு அவராகவே வந்தார். எட்டாம் இதழுக்கு ஒரு பக்கம் வரைந்து பார்ப்போம் என்று, கருங்கொம்பன் கையைத் தொங்கவிட்டு நிற்பதாக வரைந்தார். பிரமாதமான படம், நரம்புகூடத் தெரிந்தது. மறுநாள் பூதத்துக்கு மூன்று கை. தம்பி வரைந்தது ஓங்கியபடி அப்படியே இருக்க, அதன் கீழே பளபளவென்று இன்னொரு கை தொங்கியது. பூதம் அந்தக் கைக்குப் பயந்து சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டு, அது தன்மேல் படாமல் உடம்பை ஒதுக்கி ஒதுக்கி வைத்தது. ஓவியர் ரப்பரை எடுத்துத் தன் படத்தைத் தானே அழித்தார்; மூன்றாவது கையும் போய்விட்டது. “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க தம்பி கோடு கொஞ்சம் கோணல். அந்தக் கோணல் எனக்கு வராது” என்றார். அக்காவுக்கோ ஒரு வட்டம்கூட ஒழுங்காகப் போட வராது.

அடுத்த வாரம் கடையில், அவசரத்தில் இருந்த ஒருவர் மெஷினின் மூடியைத் தூக்கித் தன் தாளை உருவிக்கொண்ட நேரம், அக்காவின் விரல் பொத்தானில் பட்டுவிட்டது. மூடி திறந்திருந்தால் மெஷின் கன்னங்கரேலென்று ஒரு பக்கம் தள்ளும். அப்படி எத்தனையோ பக்கங்களைக் கசக்கிப் போட்டிருக்கிறாள். அன்றைக்கு அந்தச் சூடான கறுப்புத் தாளை அவள் கசக்கவில்லை. விஞ்ஞானி வீட்டில் கரண்ட் போய்விட்டால்? இருட்டில் யாருக்கு என்ன தெரியப்போகிறது? இருட்டை வரைய யாரும் வேண்டியதில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நடப்பது முழுக்கச் சொல்லில்தான் இருக்கும். சொல் அவள் வேலை.

மூடியைத் திறந்துவைத்து இதழ் முழுவதற்கும் கறுப்புப் பக்கங்கள் எடுத்தாள். கடையைச் சாத்திக்கொண்டு வெள்ளை மையில் எழுத உட்கார்ந்தாள். தம்பியிடம் நாளைக்கு நாளைக்கு என்று சொன்னதெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. எழுதுகிற கை மட்டும் பல இடங்களில் நின்று நின்று போனது. எழுதி முடித்தால் வீட்டுக்குப் போய்ப் படிக்க வேண்டும். படித்தால் கட்டில் காலியாகிவிடும். அது அவளுக்குத் தெரியும். சேலை ஊஞ்சலில் தொங்கும் கையை நினைத்துக்கொண்டு மேலே எழுதினாள். பூதம் கடைசியாகச் சொல்ல வேண்டிய வசனத்துக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை. பழைய கதைகளில் அது சாபமாக இருக்கும். அந்த இடத்தை வெறும் கறுப்பாகவே விட்டுவிட்டாள்.

அடுத்த நாள் பிற்பகல், கட்டிலருகே நாற்காலியைப் போட்டுப் படித்துக் காட்டினாள். “மின்சாரம் போன வீட்டுக்குள் யாரோ எழுந்து வரும் ஓசை கேட்டது. கதவு திறந்தது. திறந்தவள் துப்பாக்கியை எடுக்கவில்லை. ‘இவ்வளவு தூரம் நடந்தா வந்தாய்? கையை இறக்கு’ என்றாள்.” சேலை ஊஞ்சலில் இருந்த கை மெதுவாகக் கீழே இறங்கி அக்காவின் மடியில் விழுந்தது. கனமே இல்லை. அவள் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பக்கத்தைத் திருப்பினாள். எதையும் குறைக்காமல், தம்பி கேட்டபடியே முடிவை வாசித்தாள். பூதம் பாயில் சாய்வதையும், அதன் மூச்சு இடைவெளி விட்டு விட்டு வருவதையும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்துபோகாததையும் வாசித்தாள். வசனத்துக்கு விட்ட இடம் வந்ததும் நிறுத்தினாள்.

“கை வலி போயிருச்சுக்கா” என்றது பூதம்.

அக்கா கடைசி வரியைப் படித்து முடித்தாள். பிறகு அழுதாள். மூன்று வருடத்து அழுகை, தெரு முழுக்கக் கேட்டது. சாவு வீடு என்று புரிந்து அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவராக வந்து வாடிய முகத்தோடு வாசலில் நின்றார்கள். யாருங்க என்று புதிதாகக் குடிவந்தவர் ஒருவர் கேட்க, வீட்டுக்காரர், “அந்தம்மாவோட தம்பி வழி” என்றார். வீட்டுக்காரர் ஒரு பக்கமும் ஓவியர் ஒரு பக்கமுமாகத் தூக்கினார்கள். ஒரு கட்டுக் காகித எடைதான் இருந்தது. இடுகாட்டில் தம்பிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. குழி தோண்டுபவர் வேலையை நிறுத்தி, மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு, உயரம் எவ்வளவு என்று கேட்டார்.

“ஆறடி. கொம்போட ஏழு” என்றாள் அக்கா.

“கொம்பைச் சேத்தே தோண்டிடறேம்மா” என்று சொல்லிவிட்டு, அவர் குனிந்து வேலையைத் தொடர்ந்தார்.